பழைய தளமும் தமிழ்க் கோப்பும்

கல்லில் வெட்டிய எழுத்தைப் படிக்கக் கண் வேண்டும்; ஓலையில் கீறிய எழுத்தைப் படிக்கக் கண்ணோடு பயிற்சியும் வேண்டும். கணினி வட்டில் பதிந்த எழுத்தைப் படிப்பதற்கோ, அதனைப் பதித்த காலத்து இயந்திரமும், அவ்வியந்திரத்தை நடத்திய இயங்குதளமும், அத்தளத்தில் நிறுவிய எழுத்துருவும் ஒருங்கே இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும். பேரா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இஃது ஓர் இடர். பலரும் எண்ணுவதினும் பெரிய இடர்.

பேராவில் இரப்பரின் கதை 1877இல் கோலகங்சாரில் தொடங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளுள் சில, அக்காலத்துப் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகிய ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறவே தோட்டங்கள் பெருகின; தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் குடியேறினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு தோன்றிய சிறுசிறு பள்ளிகளே தோட்டத்தின் கோயிலுக்கு அடுத்தபடியாக மக்களின் நினைவைக் காத்த இடங்கள். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். பள்ளிகளுள் சில மூடப்பட்டன. சில வேறிடம் பெயர்ந்து, பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்து நிற்கின்றன.

மறைந்த தோட்டத்திற்கு எஞ்சும் சான்று யாது? அரசாங்கத்தாரிடமும் நிறுவனத்தாரிடமும் உள்ள ஆவணங்கள் ஏக்கர்க் கணக்கையும் விளைச்சற் கணக்கையும் கூறும். முதல் ஆசிரியர் யார், எந்தக் கங்காணியின் முயற்சியால் கொட்டகை எழுந்தது, திருவிழா எத்திங்களில் நடந்தது என்பனவெல்லாம் பள்ளி ஆண்டு மலர்களிலும், கோயிற் குடமுழுக்கு மலர்களிலும், பெற்றோர் ஆசிரியர் சங்க அறிக்கைகளிலும் மட்டுமே கிடைக்கும். இவற்றுள் பழையன கையால் எழுதப்பட்டன. அல்லது ஈய எழுத்தில் அச்சாயின. அல்லது மெழுகுத்தாளில் தட்டச்சிட்டுப் படியெடுக்கப் பெற்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளில் கணினி வந்தது. விளைவு விந்தையானது. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்ட 1954ஆம் ஆண்டில் காகிதத்தில் எழுதிய குறிப்பொன்று இன்று கிடைக்குமாயின், தமிழ் அறிந்த எவரும் அதனைப் படிக்கலாம். நாற்பது ஆண்டு கழித்து நெகிழ்வட்டில் எழுதிய குறிப்போ இன்றைய கணினியில் திறவாது. திறந்தாலும் பொருளற்ற குறிகளையே காட்டும்.

இதன் காரணத்தை அறியக் கணினிக்குள் தமிழ் புகுந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி 1981இல் வெளிவந்தபோது, அதனுடன் வந்த டாஸ் என்னும் இயங்குதளம் தமிழை அறியாது. அறியாத தளத்தின்மீது தமிழை ஏற்றும் பணியை ஆங்காங்கே தனி மனிதர்களே மேற்கொண்டனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் அவர். தந்தை கவிதைகளைத் திரட்ட மைந்தர் எழுத்துகளைத் திரட்டினார் எனலாம். கனடாவில் சீனிவாசன் ஆதமியை ஆக்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை ஆக்கினார். இவர்கள் உழைப்பினாலேயே தமிழ் கணினித் திரையில் தோன்றியது. ஆயினும் ஒருவர் வகுத்த முறை மற்றொருவர் வகுத்ததனோடு ஒத்திருக்கவில்லை. ஒத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் பொதுநிலை அமைப்பும் தொடக்கத்தில் இல்லை.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். ஒரு பைட்டில் அடங்கும் எண்கள் 256. தமிழ் எழுத்துகளோ 247. ஆங்கிலத்திற்கும் இடம் விட்டுத் தமிழ் எழுத்து முழுவதையும் அதனுள் அடக்க இயலாது. ஆகவே கொம்பு, கால், சுழி முதலியவற்றைத் தனித்தனி வடிவங்களாக்கி, ஐரோப்பிய மொழிகளின் சிறப்பெழுத்துகளுக்கு உரிய இடங்களில் அமர்த்தினர். சிலர் ஆங்கில எழுத்தின் இடங்களையே தமிழுக்குத் தந்தனர். இதனால் கோப்பில் பதிவது தமிழ் அன்று, எண்களே. எந்த எண் எந்த வடிவம் என்பதை அக்குறிப்பிட்ட எழுத்துரு மட்டுமே அறியும். எழுத்துரு நீங்கினால் 'அன்பு' என்னும் சொல் பிரெஞ்சு எழுத்தும் கணக்குக் குறியும் கலந்த கலவையாகத் தோன்றும். இக்குழப்பத்தை நீக்கத் திஸ்கி என்னும் பொதுமுறையை அறிஞர் சிலர் வகுத்தனர். 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டினைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு டாப், டாம் என்னும் இரு முறைகளை ஏற்றது. குழப்பம் குறைந்தது, மறையவில்லை.

மறுபுறம், உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே எண்வரிசை வகுக்கும் யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. ஆனால் அதனை இயல்பாகக் காட்டும் திறன் விண்டோஸ் குடும்பத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 தளத்துடனேயே வந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த எக்ஸ்.பி. அதனைப் பரப்பியது. 1998இல் வெளிவந்து வீடுதோறும் பரவியிருந்த விண்டோஸ் 98 அவ்வழியைச் சார்ந்ததன்று. அது டாஸ் மரபின் கடைக்கிளைகளுள் ஒன்று. டாஸ் காலத்துத் தமிழ் மென்பொருள்கள் பலவும் திரைக்கருவியை நேரடியாக ஆண்டு எழுத்தைத் தோற்றுவித்தன. புதிய தளங்களோ அவ்வுரிமையை எந்த மென்பொருளுக்கும் வழங்குவதில்லை. எனவே பழைய கோப்பு ஒரு தளத்தில் மட்டும் உயிர் பெறும். அதனை மாற்றிச் சேமிக்க வேண்டிய புதிய தமிழ் மற்றொரு தளத்தில் மட்டும் உயிர் பெறும்.

ஒரே கணினியில் இரு தளங்களை நிறுவும் வழக்கம் தமிழருக்குப் பயன்பட்டது இவ்விடத்திலேதான். மேலை நாடுகளில் இதனைப் பழைய விளையாட்டுகளின் மீதுள்ள பற்றினாற் செய்வோர் மிகுதி. அதில் பிழையில்லை; அவர்கள் கண்டறிந்த நுட்பங்களே வரலாற்று மாணவருக்கும் உதவுகின்றன.

இவ்வழிக்கு இடம் தொடக்கத்திலேயே இருந்தது. 1983இல் வந்த டாஸ் இரண்டாம் பதிப்பு வன்தட்டைக் கையாளத் தொடங்கியபோதே, தட்டினை நான்கு பாகங்கள் வரை பிரித்து வெவ்வேறு தளங்களுக்கு அளிக்கும் அட்டவணை வகுக்கப்பட்டது. தட்டின் முதற்பிரிவாகிய 512 பைட்டுகளில் 64 பைட்டுகளே அவ்வட்டவணையின் இடம். ஒரு பெரிய நிலத்தின் பத்திரத்தைக் கட்டைவிரல் நகத்தில் எழுதியது போன்ற சிக்கனம் அது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. ஒரு படி மேலே சென்றது. தான் நிறுவப்படும்போது அங்கு முன்பே டாஸ் இருக்குமாயின், அதன் தொடக்கப் பிரிவைத் தனிக்கோப்பாகப் பாதுகாத்து, கணினி எழும்போது 'எத்தளம் வேண்டும்?' என்று வினவும் பட்டியலைக் காட்டியது. விண்டோஸ் 2000மும் எக்ஸ்.பி.யும் அம்மரபினவே.

ஆகவே நிறுவும் முறையில் மூத்தது முந்துதல் வேண்டும். முதலில் விண்டோஸ் 98, பின்னர் 2000 அல்லது எக்ஸ்.பி. புதியது பழையதை அறியும். பழையது புதியதை அறியாது. வரிசை மாறினால் விண்டோஸ் 98 தொடக்கப் பிரிவைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும். புதிய தளம் தட்டிலேயே கிடந்தும் எழும் வழியை இழக்கும். கோப்புகளை வைக்கும் பாகம் இரு தளங்களுக்கும் பொதுவான ஃபேட் 32 முறையில் அமைதல் வேண்டும், என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்தால் விண்டோஸ் 98 அதனைக் காணாது. நினைவகம் 512 மெகாபைட்டைக் கடந்தால் அது தடுமாறும். 137 கிகாபைட்டைக் கடந்த தட்டில் எழுதினால் தரவு சிதையவும் கூடும். எளிய பழைய கணினியே இங்கு உயர்ந்த கணினி. அதன் தாய்ப்பலகையிலுள்ள நாணய மின்கலம் தீர்ந்திருந்தால் நாளையும் வட்டுக்கருவியின் விவரத்தையும் அது மறந்துவிடும். மாற்றாமல் வேலையைத் தொடங்குவோர் வீணே அலைவர். விண்டோஸ் 98க்கு 2006லும் எக்ஸ்.பி.க்கு 2014லும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டமையால், அக்கணினியை இணையத்தோடு இணைத்தல் கூடாது.

தளத்தினும் நொய்யது வட்டு. பேராவின் புழுக்கத்தில் நெகிழ்வட்டின் காந்தப்பரப்பில் பூஞ்சணம் படர்வது இயல்பு. படர்ந்த வட்டைக் கருவியுள் இட்டால் அவ்வட்டும் கெடும். கருவியின் முனையும் மாசுபட்டு அடுத்த வட்டையும் கெடுக்கும். பலரும் அறியாத மற்றொரு செய்தியும் உண்டு. எழுதுதடை இடாத வட்டினைச் செருகினால், விண்டோஸ் 95, 98 தளங்கள் தம் அடையாளத்திற்காக அதன் முதற்பிரிவில் சில பைட்டுகளை எழுதிவிடும். படிப்பதற்காகச் செருகிய வட்டு படிக்கு முன்னரே திருத்தப்படுகிறது! ஆகவே வட்டின் மூலையிலுள்ள சிறு தடையை நகர்த்திய பின்னரே செருகுதல் வேண்டும். பழைய கணினியைப் போலியாக உருவாக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளனவே, இத்துணைப் பாடு எதற்கு என்று வினவலாம். அவை சிறந்தவையே, படியெடுத்த கோப்பிற்கு அவை போதும். ஆயின் ஐந்தேகால் அங்குல வட்டைப் போலிக் கணினியுள் செருக இயலாது. இன்று விற்கும் வெளிக்கருவிகளும் மூன்றரை அங்குலத்தோடு நின்றுவிடுகின்றன.

மலர்களைப் பொறுத்தவரை வேறொரு முடிச்சும் உண்டு. தொண்ணூறுகளில் தமிழ் அச்சகங்கள் பலவற்றிலும் பக்கங்கள் பேஜ்மேக்கர் மென்பொருளிலேயே அமைந்தன. அதன் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வெளிவந்தது. பேஜ்மேக்கர் கோப்பினைப் பழைய தளத்தில், பழைய எழுத்துருவோடு திறந்து, உரையை வெளியே எடுத்த பின்னரே யூனிகோடுக்கு மாற்ற இயலும். அம்மாற்றமும் எண்ணுக்கு எண் வைப்பதன்று. திஸ்கி போன்ற முறைகளில் 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கிடக்கும். யூனிகோடில் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாக இரண்டே. துண்டுகளை வரிசை மாற்றிக் கூட்டும் அறிவு மாற்றியில் இருத்தல் வேண்டும்.

ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒன்றே போல் இருக்கும். எகர ஏகார வேறுபாடும் இல்லை. உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் இவற்றோடு போராடியதைத் தமிழாசிரியர் அறிவர். அதே போராட்டம் நெகிழ்வட்டிலும் காத்திருக்கிறது. காலும் ரகரமும் திரையில் ஒத்துத் தோன்றிய எழுத்துருக்களில் தட்டச்சர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் தட்டிவிடுதல் எளிது. ஔகாரக் குறிக்கு ளகரத்தைத் தட்டுதல் அதனினும் எளிது. அச்சில் இப்பிழை தெரியாது; மாற்றிய கோப்பில் சொல் உடைந்து நிற்கும்; தேடுவோர்க்கு அகப்படாது.

இலக்கியச் சொல்லாயின் அகராதி கொண்டு திருத்தலாம். தோட்ட மலர்களில் வருவனவோ கங்காணிகளின் பெயர்கள், லயங்களின் பெயர்கள், ஆங்கிலத் துரைமார் பெயர்களைத் தமிழ்நாவு மாற்றி வழங்கிய தோட்டப் பெயர்கள். இவை எந்த அகராதியிலும் இல்லை. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வி நிலையத்தில் பயிலும் தமிழ் மாணவர், ஒரு விடுமுறையில் ஒரு பள்ளியின் வட்டுகளை மாற்றிவிட இயலும். அப்பெயர்களைச் சரிபார்க்க வல்லவர் அத்தோட்டத்தில் வாழ்ந்து, இப்போது ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ பிள்ளைகளோடு இருக்கும் முதியவர். மாற்றிய பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். அவருள் பலர் எண்பதைக் கடந்தவர்.