செஞ்சிக் கடற்கரையும் பாய்மரக் கப்பல்களும்

செஞ்சியும் அதன் அருகிலுள்ள மேல்சித்தாமூரும் கடலிலிருந்து விலகி உள்நாட்டில் அமைந்த ஊர்கள். எனினும் செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிப்பரப்பு தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை துறைமுகங்கள் வரை பரவியிருந்தது. 1690-ல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். இக்கரையில் நடந்த போர்களின் போக்கைக் காற்றும் நீரோட்டமும் பாதித்தன.

பாயின் இயக்கம்

பின்னாலிருந்து வீசும் காற்று பாயைத் தள்ளுகிறது. பக்கவாட்டில் வீசும் காற்று வளைந்த பாயில் பட்டுத் திசை மாறுகிறது. அப்போது பாயின் இருபுறமும் அழுத்த வேறுபாடு உண்டாகிறது. அந்த விசையின் பெரும்பகுதி கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும். நீருக்குள் இருக்கும் அடிப்பகுதி அதைத் தடுப்பதால், மீதி விசை கப்பலை முன்னோக்கிச் செலுத்துகிறது. எதிர்க்காற்றில் நேராகச் செல்ல இயலாது. குறுக்கும் மறுக்குமாகவே முன்னேற வேண்டும். சதுரப்பாய் கொண்ட ஐரோப்பியக் கப்பல்களுக்கு இது மிகக் கடினம்.

பருவமும் கரையும்

தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்கிலிருந்து வரும் கப்பல்கள் எளிதாக இக்கரையை அடைந்தன. அக்டோபர் முதல் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கித் திரும்பும். வடக்கே செல்லும் கப்பலுக்கு இரண்டும் எதிர். காற்று கரையை நோக்கி வீசுவதால், நங்கூரம் அறுந்தால் கப்பல் தரைதட்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரிய கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. அவை திறந்த கடலில் நிற்க, சலங்குப் படகுகள் சரக்கைக் கரைசேர்த்தன.

பருவம் மாறும் காலமும் ஆபத்தானதே. 1749 ஏப்ரலில் வீசிய புயலில் 'நாமூர்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் புனித டேவிட் கோட்டைக்கு அருகே மூழ்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

புதுச்சேரி முற்றுகை

1760-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். பருவமழைக்கு அஞ்சி அவர்களது கடற்படையின் பெரும்பகுதி அக்டோபரில் திருகோணமலைத் துறைமுகத்துக்குச் சென்று டிசம்பர் இறுதியில் திரும்பியது. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயலில் சில கப்பல்கள் மூழ்கின. சில கரையில் மோதின. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தனர். கடல்வழி திறந்தும் அதைப் பயன்படுத்தப் பிரெஞ்சுக் கடற்படை அருகில் இல்லை. சில நாட்களில் ஆங்கிலேயரின் எஞ்சிய கப்பல்கள் முற்றுகையைத் தொடர்ந்தன. உணவின்றித் தவித்த புதுச்சேரி அதே மாத நடுவில் சரணடைந்தது. ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயர் வசமானது.