அலெக்சாண்டருக்குத் தகரச் சட்டை தைத்த கதை



"மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடு" என்று மலர்க்குழுவினர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் படித்தது மெக்கானிக்கல். சரித்திரத்துக்குப் பத்தாம் வகுப்போடு ஒரு கும்பிடு போட்டவன். ஆனால் இந்தச் சந்திப்பில் நம்முடைய பழைய 'அலெக்சாண்டர் - போரஸ்' நாடகத்தை மறுபடி போடுவதென்று முடிவாகி, ஆயுதம், கவசம் ஏற்பாடு செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்களே! ஆறு மாதமாக ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கிரேக்கக் கவசம்தான். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2009-ஆம் வருஷத்துக் கல்லூரி விழா ஞாபகம் இருக்கிறதல்லவா? வசனமெல்லாம் மனப்பாடம். ஆனால் நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதும் கவசம் மட்டும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் போய் நின்றோம். அந்த அண்ணன் நாங்கள் காட்டிய படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பழைய எண்ணெய் டின்களை வெட்டி விரித்தார். இரண்டே ராத்திரியில் ஆறு தலைக்கவசம், ஆறு மார்க்கவசம், ஆறு வட்டக் கேடயம் தயார்! "தம்பிங்களா, நெசமா அடிச்சுக்காதீங்க, ரிவெட்டு தாங்காது" என்று சொல்லித்தான் கொடுத்தார். மேடையில் அலெக்சாண்டர் தலைக்கவசத்தைக் கழற்றியபோது உள்பக்கம் சூரியகாந்திப் பூ தெரிந்து அரங்கமே சிரித்தது வேறு கதை.

கவசம் என்ற சொல் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஆவடி என்பதே ஆங்கிலத்தில் கவச வாகனக் கிடங்கு என்பதன் சுருக்கம் என்று ஹாஸ்டலில் சத்தியம் பண்ணுவோம். அது கட்டுக்கதை. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-இல். முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-இல். அதற்கெல்லாம் முன்னால், 1955 ஜனவரியிலேயே ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்துவிட்டது. ஊர்தான் முந்தி, கவசம் பிந்தி. ஆனாலும் டாங்கி செய்கிற ஊருக்குப் பக்கத்தில் படித்துவிட்டு, ஒரு தலைக்கவசத்தை நாங்கள் தப்பும் தவறுமாகச் செய்தோம் என்பதுதான் இப்போது எனக்குப் புரிந்த விஷயம்.

என்ன தப்பு?

நாங்கள் காப்பியடித்த படத்தில் இருந்தது கொரிந்தியத் தலைக்கவசம். மூக்கையும் கன்னத்தையும் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டது. கூடவே பெரிய வட்டக் கேடயம். இவை ஹாப்லைட் என்ற கிரேக்கக் காலாட்படை வீரனின் சாமான்கள். கி.மு. 490-இல் மாரத்தான் போரில் பாரசீகரை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். அந்தப் போரில் தளபதியாக இருந்த மில்டியாடிஸ் தன் தலைக்கவசத்தைக் கோயிலுக்குக் காணிக்கை வைத்தார். பேர் பொறித்த அந்தக் கவசம் இன்றும் ஒலிம்பியா மியூசியத்தில் இருக்கிறது.

அலெக்சாண்டர் ஜீலம் நதிக்கரையில் போரஸை எதிர்த்தது கி.மு. 326-இல். அதற்கு நூறு வருஷம் முன்பே கொரிந்தியத் தலைக்கவசம் வழக்கொழிய ஆரம்பித்துவிட்டது. இன்றைய ராணுவ வீரனை 1916-ஆம் வருஷத்து டாங்கியில் ஏற்றி அனுப்பிய மாதிரி நாங்கள் செய்திருக்கிறோம்! மாசிடோனியக் காலாள் பிடித்தது சரிஸ்ஸா என்ற 5, 6 மீட்டர் ஈட்டி. அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் கேடயம் சின்னது, தோளில் வாரால் தொங்கும். நம்ம ஆடிட்டோரியத்தில் சரிஸ்ஸாவை நிமிர்த்தினால் சீலிங் ஃபேனில் மாட்டும் என்பது தனிப் பிரச்சினை.

இன்னொன்று கேளுங்கள். பாம்பே நகரத்தில் கிடைத்த புகழ்பெற்ற தரைச் சித்திரத்தில் அலெக்சாண்டர் போட்டிருப்பது துணிக் கவசமாகத்தான் தெரிகிறது. (பாம்பே என்றால் நம்ம மும்பை இல்லை, எரிமலையில் புதைந்த இத்தாலிய ஊர்!) கௌகமேலா போரில் அவர் இரண்டு மடிப்பு லினன் மார்க்கவசம் அணிந்திருந்ததாக புளூடார்க் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்துப் பேராசிரியர் கிரெகரி ஆல்ட்ரெட் குழுவினர் லினன் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, அதன் மேல் அம்பு எய்து பார்த்து, 2013-இல் ஒரு புத்தகமே போட்டார்கள். அந்தக் காலத்தில் ஒட்டினார்களா, தைத்தார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆக, நாங்கள் போயிருக்க வேண்டியது தகரப் பட்டறைக்கு இல்லை, தையல் கடைக்கு!

"அப்படின்னா தமிழ்நாட்டு யவனர் காட்சி ஒண்ணு சேர்த்துக்கலாமே, அதுக்கு அந்தத் தலைக்கவசம் சரியா இருக்குமே" என்று ஒரு ஜூனியர் தம்பி யோசனை சொன்னான். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் யவனர் வருகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாசலில் காவல் நிற்கிறார்கள். ஆனால் யவன வணிகம் நம் கரையில் கொடிகட்டிப் பறந்தது கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில், ரோமர்கள் காலத்தில். கொரிந்தியக் கவசத்தை மதுரை வாசலில் நிறுத்தினால் நானூறு, ஐந்நூறு வருஷம் பிசகும்.

வாங்கப் போன கதை

மேல்நாடுகளில் பழைய காலப் போர்களை அதே உடுப்பு, அதே ஆயுதத்தோடு நடத்திப் பார்க்கும் ஆர்வலர்கள் நிறைய. மாரத்தான் போரின் 2,500-ஆவது ஆண்டை ஒட்டி 2011-இல் பல நாட்டு ஆர்வலர்கள் அந்த இடத்திலேயே கூடினார்கள். இவர்களுக்கெல்லாம் கவசம் எங்கிருந்து போகிறது என்று தேடினால், நிறைய நம்ம நாட்டிலிருந்துதான்! டேராடூனில் விண்ட்லாஸ் கம்பெனி 1943-இல் கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி கத்தி செய்ய ஆரம்பித்து, இன்று உலகம் பூராவும் சரித்திர வாள்களை அனுப்புகிறது. மீரட்டில் டீப்பீகா கம்பெனி கிரேக்க, ரோமானியக் கவசங்கள் செய்கிறது. கல்யாண பேண்டு வாத்தியத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர் மீரட்.

அவசரக்குடுக்கையான நான் யாரோ ஒரு இடைத்தரகரிடம் ஒன்று ஆர்டர் போட்டேன். பார்சல் வந்தது. பளபளவென்று இருந்தது. தலைதான் உள்ளே போகவில்லை! அலமாரியில் வைக்கிற அலங்காரச் சாமான் அது. அந்த அனுபவத்தில் கற்ற பாடங்கள், யாருக்காவது உதவும்:

முதலாவது, உலோகம். அசல் என்றால் வெண்கலம். செம்பு சுமார் 90 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு. விற்பனையில் அதிகம் இருப்பது துத்தநாகம் சேர்ந்த பித்தளை, அல்லது பித்தளை முலாம் பூசிய இரும்பு. மஞ்சளாகப் பளிச்சென்றால் பித்தளை. கொஞ்சம் செம்மை ஓடினால் வெண்கலம்.

இரண்டாவது, தகட்டின் கனம். இன்றைய இரும்பு நகல்கள் பெரும்பாலும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர், எல்லா இடத்திலும் ஒரே கனம். பழைய கொல்லனோ ஒரே தகட்டைத் தட்டித் தட்டி, மூக்குப் பக்கம் கனமாகவும் பின்பக்கம் மெல்லியதாகவும் எடுத்தான். நகல்களில் பல, இரண்டு பாதியை வெல்டிங் வைத்துச் சேர்த்தவை. நடுவில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, அளவு. தலைச் சுற்றளவு மட்டும் போதாது. கண்ணிலிருந்து தாடை வரை அளந்து அனுப்ப வேண்டும். உள்ளே வைக்கும் துணி மெத்தைக்கும் இடம் விட வேண்டும்.

நான்காவது, கேடயம். 80 முதல் 100 சென்டிமீட்டர் விட்டம், மரத்தில் குழிவாகச் செய்து, மேலே மெல்லிய வெண்கலத் தகடு. நடுவில் முழங்கை நுழையும் பட்டை, விளிம்பில் கைப்பிடி. தட்டையாக இருந்தால் அது கேடயம் இல்லை, தாம்பாளம்!

ஐந்தாவது, வாள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரான கத்தி 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. மேடைக்கு முனை மழுங்கியதே போதும். வம்பு எதற்கு?

நகலுக்கு என்ன மரியாதை?

"ஒரு நாடகத்துக்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு உதாரணம் சொன்னேன். கிரீஸில் டெண்ட்ரா என்ற கிராமத்தில் 1960-இல் சுமார் 3,500 வருஷத்துக்கு முந்திய முழு வெண்கலக் கவசம் ஒன்று கிடைத்தது. இதைப் போட்டுக்கொண்டு சண்டை போட முடியுமா, அல்லது சும்மா சடங்குக்கா என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் வாதாடினார்கள். கடைசியில் கிரேக்க மரைன் படை வீரர்கள் 13 பேர் அதன் நகலை அணிந்து 11 மணி நேரம் போர்ப்பயிற்சி செய்தார்கள். சண்டை போடலாம் என்று 2024-இல் முடிவு வெளியானது. சரியான அளவில் செய்த நகல் ஒரு சோதனைக் கருவி. நம்ம லேபில் டெஸ்ட் பீஸை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தோமே, அந்த மாதிரி.

என்னை மிகவும் தொட்ட விஷயம் வேறு. ஏதென்ஸ் குடிமகன் தன் கவசத்தைத் தன் காசில் வாங்கினான். அது அவனுக்குப் பெருமை. ஆனால் செய்தவன் யார்? ஏதென்ஸின் துறைமுகப் பக்கம் கேடயப் பட்டறை வைத்திருந்தது வெளியூரிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம். கி.மு. 404-இல் ஆட்சியைப் பிடித்த கும்பல் அவர்கள் சொத்தைப் பறித்தபோது 700 கேடயமும் 120 அடிமைகளும் போனதாக அந்த வீட்டுப் பிள்ளை லிசியாஸ் தன் வழக்குரையில் சொல்கிறார். கேடயத்துக்குக் கணக்கு இருக்கிறது. அதைத் தட்டியவன் ஒருத்தன் பேர்கூட அதில் இல்லை.

நாங்கள் மட்டும் என்ன செய்துவிட்டோம்? 2009 அழைப்பிதழில் ஒலி, ஒளி, ஒப்பனை, டீ, சமோசா வரை நன்றி போட்டோம். இரண்டு ராத்திரி தூங்காமல் தட்டிய அந்த அண்ணனுக்குப் போடவில்லை. பேரைக் கேட்கவே மறந்துவிட்டோம்.

போன மாதம் தேடிப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது குடோன். பக்கத்து டீக்கடையில் விசாரித்து, திருமுல்லைவாயலில் வீட்டைக் கண்டுபிடித்தேன். படத்தைக் காட்டி, நடந்த தப்பை எல்லாம் சொன்னேன். சிரித்தார். பிறகு என் பார்சல் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அச்சுல அமுக்குனது தம்பி. சாமிக்குக் கவசம் அடிக்கிறவங்க இருக்காங்க பாரு, அவங்க பண்ணா ஒடம்போட ஒட்டி நிக்கும்" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் பூராவும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் இல்லாமல் தரிசனம். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, இளக்கி, தட்டி, மேனிக்கு ஏற்ப வளைக்கும் வேலை நம்மிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இரும்பு வேலை பழகிய நமக்கு ஒரு ஆச்சரியம்: எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும், வெண்கலத் தகடோ இளகும். கிரேக்கக் கொல்லனின் வித்தையும் இதுதான்.

ஆகவே இந்த முறை அலெக்சாண்டருக்கு ஆவடித் தையல்காரர் கையால் துணிக் கவசம். தலைக்கவசம் இரண்டு, அண்ணன் மேற்பார்வையில் இங்கேயே தட்டியது, சரியான காலத்து மாடல். அழைப்பிதழில் நன்றி வரிசையில் அவர் பேர்தான் முதலில். அவரே முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கவும் சம்மதித்துவிட்டார்.

குடும்பத்தோடு வந்துவிடுங்கள். இந்தத் தடவை உள்ளே சூரியகாந்திப் பூ இருக்காது!