ஆட்கொணர்வும் ஓர் இலத்தீன் அகராதியும்

நீதிமன்றச் செய்தியாளனாக நான் அதிகம் எழுதிய சொற்களுள் ஒன்று ‘ஹேபியஸ் கோர்ப்பஸ்’. தமிழில் ஆட்கொணர்வு மனு. எண்பதுகளிலும் அதன் பின்னரும், காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய பெற்றோர் அந்த மனுக்களோடு நீதிமன்றப் படியேறினார்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை, இவ்வெழுத்தாணையை வழங்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. இவ்வளவும் அறிந்திருந்த எனக்கு, அந்த இரு சொற்களின் நேர்ப்பொருள் மட்டும் தெரியாது. ஆங்கிலத்தில் பிணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருந்தமையால், ‘கோர்ப்பஸ்’ என்றால் பிணம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எத்தனை அபத்தம்!

ஓய்வு பெற்ற பின்னர் இலத்தீன் கற்கத் துணிந்தேன். ஆசிரியர் இல்லை, இணையம் இருந்தது. அமெரிக்காவின் டப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பெர்சியஸ் மின்னூலகத்தில் லூயிஸ், ஷோர்ட் இருவரின் பேரகராதி இலவசமாகவே கிடைக்கிறது.

இலத்தீன் அகராதிகள் வினைச்சொல்லைத் தன்மை ஒருமை வடிவிலேயே தலைச்சொல்லாகத் தருவன. அச்சுப் பிரதியில் ‘ஹேபியஸ்’ என்று தேடுபவன் ஏமாந்து போவான். பெர்சியஸ் அச்சொல்லைப் பகுத்து, ‘வைத்திருக்கிறேன்’ என்னும் பொருளுடைய ‘ஹபெயோ’விடம் நம்மைக் கொண்டு சேர்த்துவிடுகிறது. முன்னிலை ஒருமை, நமது வியங்கோளை ஒத்த வடிவம். காவலில் வைத்திருப்பவரை நோக்கி, ‘அந்த உடலை நீ கொண்டிருப்பாயாக’ என்று ஆணையிடும் தொனி அது. இங்கிலாந்தின் 1679ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் முற்பட்ட வழக்கு இது.

‘கோர்ப்பஸ்’ என்பதைத் தேடினேன். உயிருள்ள உடல் என்கிறது அகராதி. சற்றுக் கீழே, உயிரற்ற உடல் என்கிறது. இன்னும் கீழே, ‘ஓர் ஆள்’ என்ற பொருளையும் தருகிறது. ஆட்கொணர்வு என்ற தமிழாக்கத்தைச் செய்தவர் யாராயினும், ‘உடலை’ விலக்கி ‘ஆளை’த் தெரிந்தெடுத்தமைக்காக அவரை அன்று மனதார வணங்கினேன்.

இவ்வகராதியின் வரலாறும் சுவையானது. வில்ஹெல்ம் புரொயின்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1834 முதல் 1845 வரை வெளியிட்ட அகராதியே இதன் மூலம். அதன் ஆங்கில வடிவம் 1850இல் வந்தது. அதனைத் திருத்திப் புதுக்கிய பதிப்பு 1879இல் வெளியானது. கொலம்பியாவில் இலத்தீன் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் ஷோர்ட், ‘ஏ’ என்னும் எழுத்தை மட்டுமே முடித்தார், 216 பக்கங்கள். இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்நூலின் எஞ்சிய பகுதி சார்ல்டன் லூயிஸின் பொறுப்பாயிற்று.

லூயிஸ் பேராசிரியராக அன்றி, நியூயோர்க்கில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்துகொண்டே அப்பணியைச் செய்தவர். சிறைச் சீர்திருத்தம் பற்றி எழுதியவர். பிற்காலத்தில் நியூயோர்க் சிறைச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1904இல் காலமானார். ‘கோர்ப்பஸ்’, ‘ஹபெயோ’ இரண்டுமே அவர் பொறுப்பேற்ற பக்கங்களில்தான் உள்ளன.

எனது பழைய குறிப்பேடுகளை இப்போது புரட்டும்போது, மனுதாரர்களின் பெயர்களுக்கு எதிரே ‘ஹே.கோ.’ என்று சுருக்கி எழுதியிருப்பது கண்ணில் படுகிறது. அந்தப் பிள்ளைகளுள் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.