கூரையில் ஒரு பால்நிலா

டிசம்பர் கடைசியில் ஹெல்ஸிங்கியில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. அந்த ஊரில் விளக்கு அலங்காரமல்ல. சோற்றுக்கு அடுத்தது அதுதான். யுத்தத்தில் தோற்ற பின்லாந்து, கப்பலும் இயந்திரமுமாகச் சோவியத் நாட்டுக்கு நஷ்டஈடு கொடுத்துத் தீர்த்தது 1952-ல். அந்த முடைக்காலத்தில் ஓர்னோ கம்பெனிக்கு விளக்குகள் வரைந்தவர் லிஸா யோஹான்ஸன்-பாபே (1907–1989) என்ற அம்மையார். மேஜை நாற்காலி வரையப் படித்தவர்!

அவருடைய கூரை விளக்குகளுக்கு இத்தாலாவில் கண்ணாடி ஊதினார்கள். பால் நிறக் கண்ணாடி பல்பின் கூச்சத்தை விழுங்கிவிட்டு, வெளிச்சத்தை மட்டும் நாலாபுறமும் பரப்பும். பூவேலை கிடையாது, தொங்கட்டான் கிடையாது. சரவிளக்கை அண்ணாந்து பார்க்கலாம், வாஸ்தவம். அதனடியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியுமா? மிலான் கண்காட்சியில் அவருக்கு மெடல்களும் கிடைத்தன.

ஆஸ்பத்திரிகளுக்கும் அவர் விளக்கு அமைத்தார். மல்லாந்து கிடக்கும் நோயாளிக்கு நாள் முழுதும் எதிரே தெரிவது கூரை விளக்குதானே!