மேல்விஷாரம்: தோல் தந்த செல்வமும் நீர் கேட்கும் கணக்கும்

சோளிங்கரிலிருந்து தெற்கே வாலாஜா வந்து, பாலாற்றைக் கடந்து, ஆற்காட்டைத் தாண்டினால் மேல்விஷாரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45,000 பேர் வாழும் சிறு நகரம். பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் மாடி வீடுகளும் கொண்ட இவ்வூருக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது?

அரசவையிலிருந்து வரவில்லை. அண்டையிலுள்ள ஆற்காடுதான் கருநாடக நவாபுகளின் தலைநகராய் இருந்தது. 1768இல் சேப்பாக்கம் மாளிகை எழுந்தபின் அவர்களின் அவை சென்னையில் நிலைத்தது; 1801இல் ஆட்சியும் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அரசை நம்பிய ஆற்காடு பொலிவிழந்தது. வணிகத்தை நம்பிய மேல்விஷாரம் உயர்ந்தது.

அவ்வணிகம் தோல் வணிகம். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காயால் முடித்த தோல், சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியே இலண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. வணிகர் மண்டியில் தங்க, குடும்பம் ஊரில் வாழ்ந்தது. ஈட்டிய பொருள் ஊர் திரும்பி, கூட்டுக் குடும்பங்களுக்குரிய பெரிய வீடுகளாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம்களில் பலர் இல்லத்தில் உருது பேச, இவ்வூர் முஸ்லிம்கள் தமிழையே தாய்மொழியாய்க் கொண்டனர்.

செல்வம் வீட்டோடு நின்றுவிடவுமில்லை. இவ்வூரில் பிறந்த தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938), சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு எதிரே பயணிகளுக்காகச் சித்தீக் சராயை எழுப்பினார். அவர் பெயரால் 1965இல் கலைக் கல்லூரியும், 1998இல் பொறியியல் கல்லூரியும் இங்கே தோன்றின.

ஆயின் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி உழைத்தோர் தலித் மக்களும் ஏழை முஸ்லிம்களுமே. அவர்தம் குடியிருப்புகளை மாடி வீடுகளின் வரலாற்றில் எவரும் சேர்ப்பதில்லை. 1970களில் பதப்படாத தோலுக்கும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலுக்கும் அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபின், குரோமியப் பதனீடு பெருகிற்று. வருவாய் கூடியது, பாலாற்றுப் படுகை கெட்டது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழில் நிலவும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதையும் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பில் எடுத்துரைத்தது. மாசுபடுத்தியோரே ஈடு செய்யவேண்டும் என்றும் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் துயர் முற்றிலும் தீரவில்லை. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

அரபுக் கல்லூரிகளில் நாம் கற்பிக்கும் ஃபிக்ஹு நூல்கள் தூய்மை பற்றிய பாடத்தோடு தொடங்குகின்றன. அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் மாறிய நீர் உளூவுக்கு ஆகாது என்பதை இளம் மாணவரும் அறிவர். மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். அவர்களும் வணிகரே. ஊர்க் கிணறு கெட்டால் வசதியுள்ள வீடு தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள்ளும். நாட்கூலி வீடு என் செய்யும்?

கல்விக்கு வாரி வழங்கிய மரபு நம் பெருமை. அம்மரபு நீரையும் தன் கடமையாய் ஏற்கும்போதுதான் மேல்விஷாரத்தின் செல்வக் கணக்கு நேராகும்.