கேட்பவர் மொழியில் பாடுதல்: ஜி.பி. ராஜரத்னத்தின் குழந்தைப் பாடல்கள்

முன்னுரை

கன்னடக் கவிஞர் ஜி.பி. ராஜரத்னம் இரு காரணங்களால் நினைக்கப்படுபவர். ஒன்று, கள்குடியன் ஒருவனின் வாய்மொழியாக அமைந்த 'ரத்னன பதகளு'. மற்றொன்று, கன்னடப் பிள்ளைகள் பள்ளிதோறும் பாடிவரும் குழந்தைப் பாடல்கள். முன்னதைக் கவிதைச் சாதனையாகவும் பின்னதை ஆசிரியர் ஒருவரின் துணைப்பணியாகவும் கொள்ளும் போக்கு உண்டு. இவ்விரண்டும் ஒரே கவிதைக் கொள்கையின் இரு விளைவுகளே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடிவழியும் மொழியும்

ராஜரத்னத்தின் முன்னோர் சோழநாட்டுத் திருக்கண்ணபுரத்திலிருந்து மைசூர்ப் பகுதிக்குக் குடிபெயர்ந்த வைணவர். குலசேகராழ்வார் இராமனைக் குழந்தையாகப் பாவித்துத் தாலாட்டுப் பாடியது இத்தலத்து இறைவனை முன்னிறுத்தியே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இவ்வூர்த் தொடர்பே அவரைக் குழந்தைக் கவிஞராக்கியது என்று கூற இயலாது. எனினும், தமிழ்த் தாலாட்டு மரபில் இடம்பெற்ற ஓர் ஊரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்திலிருந்து கன்னடக் குழந்தைகளின் கவிஞர் தோன்றினார் என்பது இரு மொழிகளின் உறவு வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தியாகும். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், பு.தி. நரசிம்மாச்சார் ஆகியோரும் தமிழ்ப் பின்புலம் கொண்ட வைணவக் குடும்பங்களிலிருந்து வந்து கன்னடத்தைத் தம் படைப்பு மொழியாகக் கொண்டோரே ஆவர்.

வகுப்பறையில் பிறந்த பாடல்

20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பிறந்த ராஜரத்னம், கன்னடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின், ஆசிரியராயிருந்த தம் தந்தைக்குத் துணையாகச் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கலானார். அங்குக் கற்பிக்கப்பட்ட செய்யுள்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தாமே பாடல் புனையத் தொடங்கினார். அவற்றின் தொகுப்பே 'துத்தூரி'. பத்திரிகையின் வேண்டுகோளோ பதிப்பகத்தின் தேவையோ அன்றி, எதிரே அமர்ந்திருந்த குழந்தைகளின் தேவையே இந்நூலுக்குக் காரணமாயிற்று.

கன்னடக் குழந்தைப் பாடலுக்கு முன்பே வழிவகுத்தவர் பஞ்செ மங்கேசராவ் (1874–1937). அவ்வழியில் வந்த ராஜரத்னத்தின் தனித்தன்மை, பாடலுக்குள் பேசுபவர் யார் என்பதில் வெளிப்படுகிறது. அறிவுரைச் செய்யுளில் பெரியவர் பேசுவார், குழந்தை கேட்கும். நாய்க்குட்டியைப் பற்றிய அவரது புகழ்பெற்ற பாடலிலோ குழந்தை வினவுகிறது. நாய்க்குட்டி விடை கூறுகிறது. உணவு வேண்டுமா, உண்டு என்ன செய்வாய் என வளரும் உரையாடல் வீட்டுக் காவலில் வந்து முடிகிறது. உழைப்பும் நன்றியும் பற்றிய கருத்து அதில் உண்டு. ஆனால் அதை எடுத்துரைக்கப் பெரியவர் எவரும் இடையில் வருவதில்லை.

தகர ஊதுகுழல் பற்றிய பாடலும் இத்தகையதே. காசு கொடுத்து வாங்கிய வண்ணக் குழலை ஊதிப் பெருமை கொள்கிறான் சிறுவன். குழல் நீரில் விழுகிறது, வண்ணம் கெடுகிறது. செருக்கு அழிவதை நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. பாடலின் முடிவில் நகைப்பு உண்டு, உபதேசம் இல்லை.

குழந்தையும் குடியனும்

'ரத்னன பதகளு' தொகுதியில் ரத்னன் என்னும் கள்குடியன் பழைய மைசூர்ப் பகுதியின் கொச்சை வழக்கில் தன் மனைவி நஞ்சியைப் பற்றியும் உலகைப் பற்றியும் கன்னடத்தின்மீது தான் கொண்ட காதலைப் பற்றியும் பாடுகிறான். கவிஞரோ மதுப்பழக்கம் இல்லாதவர். தம் அனுபவத்தைக் கூறாமல், தமக்கு அயலான ஒருவனின் குரலுக்கு இடமளித்து அவர் விலகி நிற்கிறார். குழந்தைப் பாடலில் நாய்க்குட்டிக்குக் கிடைத்த உரிமையே இங்குக் குடியனுக்கும் கிடைக்கிறது.

குழந்தைப் பாடல்களின் மொழி எளிய எழுத்து வழக்கு. ரத்னனின் மொழி பேச்சு வழக்கு. இவ்வேறுபாடு மறுக்கத்தக்கதன்று. ஆயினும், கற்றோர் அவையில் பேச இடம்பெறாத இருவரைத் தத்தம் குரலிலேயே பேசவைத்தல் என்னும் கொள்கை இரண்டிற்கும் பொதுவானது. ரத்னன் பாடல்கள் பின்னாளில் மைசூர் அனந்தசாமியின் இசையில் பரவியதும், குழந்தைப் பாடல்கள் செவிவழியாகவே நிலைபெற்றதும் இக்குரல் தன்மையின் பயன் எனலாம்.

தமிழோடு ஓர் ஒப்பீடு

தமிழில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கிப் பணியில் இருந்துகொண்டே எழுதினார். 1944இல் 'மலரும் உள்ளம்' வெளிவந்தது; 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைய அவர் முன்னின்றார். 'பூஞ்சோலை', 'கோகுலம்' முதலிய இதழ்களின் ஆசிரியராகவும் விளங்கினார். அவர் பணிக்குச் சங்கமும் இதழும் களங்களாயின. ராஜரத்னத்திற்கோ வகுப்பறையே முதற்களம். பின்னர் மைசூர், பெங்களூர் உள்ளிட்ட இடங்களில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியபோதும், மாணவரை எழுதத் தூண்டுவதைத் தம் பணியின் பகுதியாகவே அவர் கொண்டிருந்தார். பௌத்தம், சமணம் பற்றியும் பல நூல்கள் எழுதினார். 1978இல் தில்லியில் நடைபெற்ற 50ஆம் கன்னட இலக்கிய மாநாட்டிற்குத் தலைமையேற்ற அவர், 1979 மார்ச் 13இல் மறைந்தார்.

முடிவுரை

ராஜரத்னம் தம் குடிவழியை அன்றி, தம்முன் அமர்ந்திருந்த குழந்தையின் காதையே மொழித்தேர்வுக்கு அளவுகோலாகக் கொண்டார் என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். அவ்வளவுகோலே பின்னர் ரத்னனையும் உருவாக்கியது. எனவே குழந்தைப் பாடல்களை அவரது கவிதை வாழ்வின் ஓரத்தில் வைப்பது பொருந்தாது. அவற்றை அதன் தொடக்கமாகவே கொள்ளவேண்டும். பள்ளியில் ராஜரத்னத்தையும் வீட்டில் வள்ளியப்பாவையும் பாடி வளரும் தமிழ்ப் பிள்ளைகள் உள்ள பெங்களூரில், இவ்விருவரையும் ஒருங்கே ஆராய்வது இங்குள்ள தமிழாய்வுக்கு உரிய கடமையாகும். குழந்தைப் பாடலை எளிமை கருதிப் பாடத்திட்டத்துக்கு வெளியே நிறுத்தும் வரை, ஒரு மொழியினர் முதன்முதலில் மனங்கொள்ளும் கவிதை ஆய்வின்றியே கிடக்கும்.