காலராத் தடுப்பு (காரைக்கால் வட்டாரம்)

காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே அமைந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டம். இவ்வட்டாரத்தில் காலராவை 'வாந்திபேதி' என்பர்.

தொடக்கக் காலம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியிலும் சோழமண்டலக் கரையிலும் பரவியதாகப் பிரெஞ்சுப் பயணி சொன்னெரா எழுதிய கொடிய பேதி, காலராவே என்று சிலர் கொள்வர். முதல் உலகப் பரவல் தொடங்கிய 1817க்கு முந்தைய குறிப்புகளைக் கொண்டு அவ்வாறு துணிய இயலாது என்பாரும் உளர். காலரா கண்டங்களைக் கடந்த பின், 1851இல் பாரிசில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1899இல் சென்னைக் கிண்டியில் கிங் தடுப்பு மருத்துவ நிலையம் தோன்றியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் எல்லையோடு நின்றது. 1954இல் காரைக்கால் இந்தியாவிடம் வந்தது.

1992-93: ஓ139. 1992 அக்டோபரில் சென்னையில் பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி, ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. நோய்க்குறிகள் அனைத்தும் காலராவினுடையவை. ஆனால் காலராவை உறுதிசெய்யும் ஓ1 எதிர்ச்சீரத்தில் கிருமி திரளவில்லை. கொள்ளைநோயாகப் பரவும் காலராவை ஓ1 வகை மட்டுமே உண்டாக்கும் என்பது அதுவரை பாடநூல் கொள்கை. எஞ்சிய வகைகளுக்கான எதிர்ச்சீரங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அது பொருந்தவில்லை. எனவே அதற்கு 139 என்ற எண் கிடைத்தது. பழைய காலராவால் பெற்ற எதிர்ப்பாற்றல் இதற்கு உதவாததால் பெரியவர்களும் பெருமளவில் நோயுற்றனர். 1993 தொடக்கத்தில் கொல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் இது பரவியது. வங்கக்கடலோரம் எங்கும் காணப்பட்டதால் 'பெங்கால்' என்ற அடைமொழியும் சேர்ந்தது. முதலில் கண்ணில் பட்ட சென்னை, பெயரில் இடம்பெறவில்லை. இதுவே எட்டாம் உலகப் பரவல் என்று பலர் கருதினர். பின்னர் ஓ1 மீண்டும் மேலோங்கியதால் அக்கருத்து நிலைபெறவில்லை. எனினும் 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் இரு வகைகளும் சேர்க்கப்பட்டன.

பன்னாட்டு விதிகள். 1969ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள், காலரா உள்ளிட்ட, பெயர் குறித்த சில நோய்களையே அறிவிக்கச் சொல்லின. பட்டியலில் இல்லாத நோய் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2005ஆம் ஆண்டுத் திருத்தம் விடையளித்தது: நாடு கடந்த இடராகக்கூடிய எந்த நிகழ்வையும் உலக நலவாழ்வு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். 2025 மே மாதத்தில் உலகப் பெருந்தொற்று உடன்படிக்கை ஏற்கப்பட்டது.

அண்மைக் காலம். 2022 ஜூலையில் காரைக்காலில் வாந்தியும் பேதியும் பரவி, காலரா உறுதியானதும் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது; பள்ளிகள் மூடப்பட்டன; அண்டைத் தமிழ்நாட்டு மாவட்டங்களும் விழிப்புடன் இருக்கப் பணிக்கப்பட்டன. குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று கருதப்பட்டது.